கரி சொல்லாத சாட்சி

ஒரு வேலையை நேர்மையாகச் செய்தால் போதுமா? அது எதற்குப் பயன்படுகிறது என்பதும் செய்தவரின் கணக்கில் சேருமா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு துப்பாக்கியிலிருந்து வந்தது.

நான் துப்பாக்கி சுட்டவன் இல்லை. 1969-இல் வந்த ‘கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்’ ஆவணப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன், அவ்வளவுதான். வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் அதில் 18-ஆம் நூற்றாண்டு முறைப்படி ஒரு நீண்ட ரைஃபிளைச் செய்கிறார். மருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியாகப் போட்டு, கோலால் இடித்து நிரப்பும் வகை. பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கைவினைஞர்களின் கையில் வளர்ந்த வகை அது.

கட்டை மேப்பிள் மரம். இரும்புக் குழலும், தோளில் அழுந்தும் பித்தளைத் தகடும் அதில் கச்சிதமாகப் பதிய வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கொரு வழி உண்டு. உலோகத்தின் உட்பக்கத்தில் விளக்குக்கரியைப் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடத்தில் மரம் இடிக்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி உளி. கரி எங்கும் ஒரே சீராக ஒட்டும்வரை இதே வேலைதான். ஓர் இழை கூடுதலாகச் சீவினால் போச்சு, சீவிய மரம் திரும்ப வராது.

மரத்தூளைப் பசையில் குழைத்து இடைவெளியை அடைத்துவிடலாமே? அடைக்கலாம், வெளியே தெரியாது. ஆனால் குழலின் பின்முனை சமமாக உட்காராவிட்டால், சுடும்போது வரும் உதை ஒரே இடத்தில் இறங்கும். கட்டை பிளந்துவிடக்கூடும்.

பழந்தமிழில் ‘கரி’க்குச் சாட்சி என்றும் ஒரு பொருள் உண்டு. யாரும் பார்க்காத உட்பக்கத்தில் வேலை எப்படி இருக்கிறது என்று சொல்லும் சாட்சி இது. அதை வைத்து, நல்ல வேலைக்காரன் நல்ல மனிதன் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். அதே லங்காஸ்டர்தான் அதைத் தடுக்கிறது.

1763 டிசம்பர் 27 அன்று, பாக்ஸ்டன் பாய்ஸ் என்ற ஆயுதக் கும்பல் அந்த ஊருக்குள் புகுந்தது. பாதுகாப்புக்காக அரசு விடுதி ஒன்றில் வைக்கப்பட்டிருந்த கோனஸ்டோகா பழங்குடியினர் 14 பேரையும் கொன்றது. குழந்தைகளும் அதில் உண்டு. அந்தக் கொலைக்கு ஊரின் கைவினைஞர்கள் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. மான் வேட்டைக்கும் அதே ரைஃபிள்தான், பழங்குடியினரும் அதை விரும்பி வாங்கினார்கள். நான் சொல்வது வேறு. மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைக் கரி சொல்லும். குழல் யாரை நோக்கித் திரும்பும் என்பதைச் சொல்லாது. அது வேறு விசாரணை, அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

இன்று நம்மில் பலருக்கு வேலை லேப்டாப்பில். பிழையில்லாமல் கோட் எழுதுகிறோம். அது ஒருவரின் கடனை வசூலிக்கவா, ஒருவரை வேவு பார்க்கவா என்று கேட்டால், ‘அது மேலே இருக்கறவங்க பாக்கணும்’ என்கிறோம். கச்சிதமாகச் செய்த திருப்தியே அந்தக் கேள்வியை மறக்கடித்துவிடுகிறது என்பதுதான் என் பயம். அரைகுறையாகச் செய்தவருக்காவது மனதில் ஓர் உறுத்தல் மிஞ்சும்.

அதற்காக வேலையைக் கெடுத்துச் செய்யச் சொல்லவில்லை. கரி கற்றுத்தரும் பழக்கம் ஒன்று இருக்கிறது: இடிக்கிற இடத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பது. அதைப் பட்டறைக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளாமல், செய்த பொருள் போய்ச் சேரும் இடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அங்கே இடித்தால் சீவ வேண்டியது மரத்தை அல்ல. சில சமயம் அந்த வேலையையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.