வாக்கும் வழக்கும்

எழுதிய ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டால், கொடுத்த வாக்கைக் காத்ததாகுமா? அறநூலார் ஆராய வேண்டிய இவ்வினாவை ஒரு மாயக்கதை சுவைபட எழுப்புகிறது. அமெரிக்க எழுத்தாளர் மாக்ஸ் கிளாட்ஸ்டன் 2012இல் வெளியிட்ட ‘த்ரீ பார்ட்ஸ் டெட்’ என்னும் ஆங்கில நாவலே அது.

ஆல்ட் கூலம் என்னும் கற்பனை நகரம் கோஸ் என்ற நெருப்புத் தெய்வத்தின் வெப்பத்தால் இயங்குகிறது. ஓர் இரவு அத்தெய்வம் இறந்துவிடுகிறது. அது பலருடன் ஒப்பந்தம் செய்து, தன் ஆற்றலைத் தருவதாக வாக்களித்திருந்தது. செய்தி மக்களுக்கு எட்டுமுன்பே, உரிமை கோருவோரின் வழக்கறிஞர் வந்துவிடுகிறார். அவ்வுலகில் மாயமும் சட்டமும் ஒரே கலை. அதைக் கற்ற தாரா என்னும் இளம்பெண், தெய்வத்தின் தரப்பில் வழக்காட வருகிறாள். ஆவணக் காப்பகத்தில் ஏடுகளை ஆராயும்போது இறந்த தெய்வத்தின் உடலே அவள் கண்முன் விரிகிறது. கடல் கடந்த ஒரு நாட்டின் கப்பற்படை அன்றிரவு ஒப்பந்தப்படி ஆற்றலை எடுத்தது உண்மை. ஆனால் அதனைத் தாங்கும் வலிமை தெய்வத்திற்கு இல்லாமற் போனது ஏன்? இம்முடிச்சை ஆசிரியர் அவிழ்க்கும் திறம், வாசகரை நூலைக் கீழே வைக்க விடுவதில்லை.

‘கடவுள் இறக்கும் கதையை நாம் சுவைக்கலாமா?’ எனச் சிலர் தயங்கலாம். அளந்து கொடுத்தால் குறைந்துபோகும் ஆற்றலை உடையது நாம் வழிபடும் இறைவன் அன்று. கதையின் தெய்வம் இறைவனைக் குறிப்பதைவிட, வாக்களிக்கும் மனிதனையே பெரிதும் ஒத்திருக்கிறது.

கதையின் அறச்சிக்கல் இனிமேல்தான் தோன்றுகிறது. 2008இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி நொடித்தபோது, அதன் சொத்தையும் கடனையும் நீதிமன்றம் கணக்கிட்டது. அவ்வாறே மாயச் சட்டமும் இறந்த தெய்வத்தைச் சீரமைத்து எழுப்பவல்லது. எழுவது ஒப்பந்தங்களை நிறைவேற்றும். ஆனால் பழைய தெய்வமாக இராது. முன்னொரு போரில் மாண்ட செரில் என்னும் நிலவுத் தெய்வம் இப்படித்தான் ‘நீதி’ என்ற ஈரமற்ற காவலாக மாற்றப்பட்டது. கோஸின் இளம் குரு அபலார்டோ, தான் அன்பு செய்த தெய்வத்தையே தேடித் தவிக்கிறான். வழக்கு மன்றத்திற்கு வேண்டியது ஆற்றல். அவனுக்கு வேண்டியது ஆள்.

ஒப்பந்தம் இழிவானதன்று. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி உழைத்துக் கூலி இழந்த ஏழைக்கு ஒரு துண்டுச் சீட்டே அரணாகும். எனினும் சீட்டில் எழுத இயலாத ஒன்று உண்டு. தமிழில் ‘கடன்’ என்னும் ஒரே சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் செய்தாக வேண்டிய கடமையையும் குறிக்கிறது. திங்கள்தோறும் பெற்றோருக்குத் தவறாமல் பணம் அனுப்பி, ஆண்டுக்கணக்கில் அவர்கள் முகம் காணாத மகன் முதற்பொருளில் கடன் தீர்த்தவன். மற்றப் பொருளில் இன்னும் கடனாளி.

வாக்கைக் காத்தோமா எனக் கணக்குப் பார்ப்பது எளிது. காத்த வாக்கில் நாமும் இருந்தோமா என்பதே கடினமான வினா. பொழுதுபோக்காகக் கையிலெடுக்கும் ஒரு மாயக்கதை இவ்வினாவோடு நம்மை விட்டுச் செல்லுமாயின், அதனால் பெற்ற இன்பம் வீணன்று.