குயவனின் மூன்று காரணங்களும் ஊவாவின் லயன்களும்

ஒரு பொருள் தோன்ற மூன்று காரணங்கள் வேண்டும் என்னும் சைவ சித்தாந்தம், குடத்தை எடுத்துக்காட்டி, மண்ணை முதற்காரணம் என்றும் தண்டசக்கரத்தைத் துணைக்காரணம் என்றும் வனையும் குயவனை நிமித்த காரணம் என்றும் வகுக்கிறது. உலகப் படைப்பில் மாயை மண்ணாகவும் சத்தி சக்கரமாகவும் சிவன் குயவனாகவும் நிற்க, படைப்பின் பயனோ படைத்தவனைச் சேராமல் உயிர்களையே சேர்கிறது. உடலாகிய தனு, அகக்கருவிகளாகிய கரணம், உலகமாகிய புவனம், நுகர்பொருளாகிய போகம் ஆகிய நான்கும் உயிர்கள் மலம் நீங்கி உய்வதற்காகவே தரப்பட்டவை என்பது அந்நெறியின் துணிபு. வடிவமைப்புக் கல்வியில் இன்று வலியுறுத்தப்படும் நிலைபேறு, அதாவது வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் நெறி, பெரும்பாலும் எந்த மண் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. யாருக்கான குடம் என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது.

இதனால் விளையும் பிழையை இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களின் லயன்களில் காணலாம். பிரித்தானியத் தோட்டத்துரைமார் 19ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்திய இவ்வரிசைக் குடியிருப்புகளில், ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பிரா என்னும் ஓர் அறையும் இஸ்தோப்பு என்னும் சிறிய திண்ணையுமே ஒரு குடும்பத்துக்கு உரியவையாக இருந்தன. தகரக் கூரை நீங்கலாக, பல லயன்களின் சுவர்கள் அந்தந்த மலையின் கல்லையும் மண்ணையும் கொண்டு எழுந்தவை. அந்த லயன்கள் குறைந்த நிலத்தில் பலரைக் கொண்டவை. தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்துப் பயன்படுத்தப்படுபவை. உள்ளூர்ப் பொருளும் சிக்கனமும் நீடித்த உழைப்பும் மட்டுமே அளவுகோல் என்றால் லயன் போற்றத்தக்க கட்டடமாகிவிடும். மனச்சான்று உள்ள எந்த ஆசிரியரும் அந்த முடிவை ஏற்கமாட்டார். தொழிலாளர் வேலைத்தலத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்ற துரைமாரின் தேவைக்காக அது கட்டப்பட்டமையால், அங்கே பயன் வனைந்தவரையே சேர்ந்தது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோது, அவ்விடத்தின் ஆபத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தும், மக்கள் அங்கேதான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

எனினும், குயவன் உவமையை மாணவருக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் இடர் உண்டு. இறைவன் முற்றறிவுடையவன், தனக்கென எதுவும் வேண்டாதவன். மாணவரோ சிற்றறிவுடைய உயிர், மதிப்பெண்ணும் பாராட்டும் வேண்டுபவர். ஆகவே, பயன் யாருக்கு உரியதோ அவரிடம் கேட்டு அறிவதைத் தவிர மாணவருக்கு வேறு வழியில்லை. நைலோன் சாக்குக்கு மாற்றாக மூங்கிலில் கொழுந்துக் கூடை ஒன்றை வடிவமைக்கும் மாணவர், மூங்கில் மட்கும் என்பதோடு நிறைவடைந்துவிட்டால், தலையில் கயிறு மாட்டி அதைச் சுமக்கும் பெண்ணின் கழுத்து அவருடைய கணக்கில் வரவே வராது. வெறுங்கூடை எவ்வளவு கனக்கிறது, மழையில் நனைந்தால் எவ்வளவு கூடுகிறது, கயிறு எங்கே அழுத்துகிறது, கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடை எப்படிக் கழிக்கப்படுகிறது என்பவற்றை அறிந்தவர் அப்பெண்ணே. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைப் போல வடிவமைப்பைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் நிறுவனங்கள், ஊவா மலைகளுக்கான பொருள்களை மாணவர் வரையத் தொடங்கும் முன்பே அப்பெண்ணின் சொல்லைக் கேட்கச் செய்வதோடு, முடிந்த கூடையை மதிப்பிடும் குழுவிலும் அவருக்கு ஓர் இருக்கையும், அன்று அவர் இழக்கும் நாட்கூலியும் தர வேண்டும்.