அபூஸைது யாருடைய முகம்?

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று எழுதாத திறனாய்வாளர் அரிது. ஒரு காலத்து மக்கள் எதை உண்டனர், எதை உடுத்தனர், எந்த அரசனுக்கு அஞ்சினர் என்பவற்றையெல்லாம் வரலாற்று நூல்களே கூறிவிடும். அக்காலம் தன்னைப் பற்றித் தானே எதை எண்ணி நாணியது என்பதை அறியத்தான் இலக்கியத்தின் துணை வேண்டியிருக்கிறது. இதற்கு அரபு இலக்கியத்திலிருந்து ஒரு சான்றை இங்கு ஆராய்வோம்.

பஸராவில் வாழ்ந்த அல்-ஹரீரி (1054–1122) இயற்றிய ‘மகாமாத்’ 50 கதைகளைக் கொண்டது. பதீஉஸ்ஸமான் அல்-ஹமதானி ஒரு நூற்றாண்டு முன்னரே தொடங்கி வைத்த இவ்வடிவத்தை ஹரீரி சொல்லழகின் உச்சிக்குக் கொண்டு சென்றார். இந்தியத் துணைக்கண்டத்து மத்ரஸாக்களில் பல தலைமுறைகளாக இது பாடநூல். அகராதியும் கையுமாக அமர்ந்து இதனோடு போராடியவர்கள் நம்மிடையே பலர். பெரும்பாலோர் இதனை அருஞ்சொற் களஞ்சியமாகவே படித்து மூடி வைத்துவிடுகின்றனர். கதைத்தலைவன் ஓர் ஏமாற்றுக்காரன் என்பதைப் புன்னகையோடு கடந்துவிடுகின்றனர். அந்தப் புன்னகைதான் எனக்கு உடன்பாடில்லை.

முதற்கதையைப் பாருங்கள். ஸன்ஆ நகரில் மக்கள் கூட்டத்தின் நடுவே கந்தல் உடுத்த ஒருவர் மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டிப் பேசுகிறார். கேட்டோர் அழுகின்றனர், கைநிறையப் பொருள் தருகின்றனர். கதை சொல்லும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அவரை அறியாமல் பின்தொடர்ந்து ஒரு குகையை அடைகிறார். அங்கே வெண்மாவு ரொட்டி, வறுத்த ஆட்டுக்குட்டி, எதிரே மதுக்குடம். பேசியவர் அபூஸைது ஸரூஜி. ஊர் மாறும், வேடம் மாறும், கேட்பவர் மாறுவர். நாவன்மையை விற்றுப் பிழைக்கும் இவ்வாணிகம் நூல் நெடுக நடக்கிறது.

இவர் வெறும் கற்பனையா? பஸராவில் பனூ ஹராம் பள்ளிவாசலுக்கு வந்து, தம் மகள் பகைவரிடம் சிறைப்பட்டாள் என்று அழகிய அரபியில் முறையிட்ட ஒரு முதியவரே இந்நூலுக்கு வித்து என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறும். அவர் சொன்ன ஊரான ஸரூஜ் 1101ஆம் ஆண்டு சிலுவைப் போர்ப் படைகளால் சூறையாடப்பட்டது. ஊரிழந்து அலைந்தோர் அந்நாளில் மெய்யாகவே இருந்தனர். மெய்யான துயரம் இருந்தமையால்தான் பொய்யான துயரமும் விலைபோயிற்று.

காலத்தின் சுவடு இவ்வளவே என்றால் வரலாற்று ஆசிரியர் போதும், ஹரீரி தேவையில்லை. பக்தாதில் 1067இல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மத்ரஸாவையும் உடன்வைத்து நோக்க வேண்டும். கல்விக்குப் பதவியும் ஊதியமும் அரசவை மதிப்பும் பெருகி வந்த காலம் அது. 1091இல் அங்கே தலைமை ஆசிரியராக அமர்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஹரீரியைவிட நான்கே வயது இளையவர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தம் உள்ளத்தைச் சோதித்த அவர், தாம் பாடம் நடத்துவது இறைவனுக்காக அன்று, புகழுக்கும் பதவிக்குமே என்று கண்டார். தடுமாற்றம் முற்றி ஒருநாள் நா எழவில்லை. மாணவர்முன் ஒரு சொல்லும் பேச இயலவில்லை. 1095இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். பின்னர் எழுதிய ‘இஹ்யா’விலே, அடுக்குச் சொற்களால் மக்களை மயக்கும் பேச்சாளர்களை வன்மையாகக் கண்டித்தார்.

ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டார் என்று நான் கூறவரவில்லை. ஒரே நோயை இமாம் ஆய்ந்து சொன்னார், புலவர் கதையாக்கினார். இமாமின் நா கட்டுண்டது; அபூஸைதின் நா ஒருபோதும் கட்டுண்டதில்லை. இவ்விரு நாவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவனுக்கே ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் உள்ளம் விளங்கும். அடுக்குச் சொல்லின் பேரரசரான ஹரீரியே அடுக்குச் சொல்லின் வஞ்சகத்தைப் பாடுபொருளாக்கினார் என்பதையும் மறத்தலாகாது. அவர் பிடித்த கண்ணாடியில் அவர் முகமும் தெரிகிறது.

ஓவியமும் இப்பணியில் பின்தங்கவில்லை. யஹ்யா அல்-வாஸிதி என்பார் 1237இல் இந்நூலைத் தாமே எழுதி, தாமே படங்களும் வரைந்தார். அப்பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அடுக்கிய நூல்களோடு ஒரு நூலகம், அடிமைச் சந்தை, ஹஜ்ஜுக்குச் செல்லும் கூட்டம், கூரைமேல் கோழி நிற்கும் சிற்றூர்; ஹரீரி சொல்லாமல் விட்டதையும் வாஸிதி கண்டெழுதியிருக்கிறார். இருபத்தொரு ஆண்டுகளில், 1258இல், பக்தாது மங்கோலியரிடம் வீழ்ந்தது. அப்படங்களில் வரப்போகும் அழிவின் நிழல் தெரிகிறது என்பாருளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னர் நடந்ததை அறிந்த கண் முன்னர் வரைந்த கோட்டிலும் அதையே தேடுகிறது. வாஸிதி வரைந்தது வாழ்ந்துகொண்டிருந்த மக்களை.

இனி அறநூலார் கேட்கும் வினா. தீயவன் வாயிலிருந்து வந்த நல்லுரை கேட்டு ஒருவன் அழுதால், அக்கண்ணீர் வீணா? ஏமாந்தவன் பேதை என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். ஹரீரி அப்படிச் சொல்லவில்லை. ஐம்பதாம் கதையில் அபூஸைது பஸரா பள்ளிவாசலில் எழுந்து, தம் பாவங்களுக்காகத் துஆச் செய்யும்படி வேண்டுகிறார். இதுவும் பழைய தந்திரமாகவே தொடங்குகிறது. பஸரா மக்களோ ஐயமின்றிக் கையேந்துகின்றனர். அவர்கள் வேண்டுதலால் ஏமாற்ற வந்தவரின் நெஞ்சே உருகிவிடுகிறது. பேசியவரிடம் இல்லாத வாய்மை கேட்டவரிடம் இருந்தது.

பின்னொரு நாள் ஹாரிஸ் அவரைத் தேடி ஸரூஜ் சென்றபோது, முரட்டுக் கம்பளி உடுத்துத் தொழுகையில் நிற்பதைக் காண்கிறார். இரவெல்லாம் உடனிருந்து, விடைபெறும்போது அறிவுரை வேண்டுகிறார். அத்தனை ஊர்களையும் பேச்சால் கட்டிப்போட்ட அந்நாவிலிருந்து வருவது மரணத்தை நினைவிற்கொள் என்னும் சிறு தொடர் ஒன்றே. அதற்கு அவர் கூலி கேட்கவில்லை.