குருதியின் பங்கீடும் சமூக நீதியும்

மனித சமுதாயத்தை ஓர் உடலாக உருவகித்து, மக்களை அவ்வுடலின் உறுப்புகளாகக் கொள்ளும் மரபு மிகத் தொன்மையானது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள புருட சூக்தம், ஆதி புருடனின் வாய், தோள், தொடை, பாதம் என்பவற்றோடு நால்வருணங்களையும் தொடர்புபடுத்திப் பேசுகின்றது. ரோமிலும் இத்தகைய உருவகம் பயன்பட்டது. கி.மு. 494ஆம் ஆண்டில் அந்நகரின் எளிய மக்கள் உயர்குடியினரோடு முரண்பட்டு நகரை நீங்கியபோது, மெனேனியஸ் அகிரிப்பா என்பான் வயிற்றோடு பிணங்கிய உறுப்புகளின் கதையைக் கூறி அவர்களை அமைதிப்படுத்தினான் என வரலாற்றாசிரியர் லிவி எழுதியுள்ளார். வயிறு சோம்பியிருப்பதுபோலத் தோன்றினும், உணவைக் குருதியாக்கி எல்லா உறுப்புகளுக்கும் அனுப்புவது அதுவே. ஆதலின் அதனோடு பிணங்குதல் தகாது என்பது அக்கதையின் சாரம்.

இவ்வுருவகங்களைக் கையாண்டோர் பலர் அவற்றிலிருந்து ஒரு வாதத்தைப் பெற முயன்றனர். உடலில் உயர்ந்த உறுப்பும் தாழ்ந்த உறுப்பும் இயற்கையாகவே உள்ளன. அதுபோல மக்களுள்ளும் உயர்வு தாழ்வு இயற்கையே. இயற்கையானது நியாயமானதும் ஆகும் என்பதே அவ்வாதம். இது இரு வினாக்களை எழுப்புகின்றது. உடல் உண்மையில் இத்தகைய சாட்சியத்தை அளிக்கின்றதா? அளிப்பினும், அது மனிதருக்கு அறமாகுமா? முதல் வினாவுக்கு விடை காண்பதற்குக் குருதிச் சுற்றோட்டத்தை நோக்குதல் பொருத்தமாகும். குருதி உடலின் பொதுச் செல்வம். அது பங்கிடப்படும் முறையிலேயே உறுப்புகளின் உண்மையான உறவு புலனாகும்.

உணவிலிருந்து ஈரலிலே குருதி உண்டாகின்றது. அது உறுப்புகளை அடைந்து அங்கேயே செலவாகி விடுகின்றது என்று கலென் என்னும் பண்டைய மருத்துவ அறிஞர் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலவிய இக்கொள்கையை 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹாவி மறுத்தார். அவருடைய வாதம் எளிமையான ஒரு கணக்கிலே தங்கியிருந்தது. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியை அரைமணி நேரத் துடிப்புகளின் தொகையாற் பெருக்கினால், வரும் அளவு உடலிலுள்ள முழுக் குருதியையும் விஞ்சும். அவ்வளவு குருதியை உணவு உண்டாக்க இயலாது. ஆகவே, சென்ற குருதியே மீண்டும் வருதல் வேண்டும். நாடிகளிலிருந்து நாளங்களுக்குக் குருதி செல்லும் வழியை ஹாவி கண்டிலர். 1661ஆம் ஆண்டில் மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கி, அவ்விணைப்பாகிய மயிர்க்குழாய்களைக் கண்டறிந்தார்.

குருதிக்கலன்களின் அமைப்பு அவற்றின் தொழிலுக்கு இயைந்தது. இதயத்தின் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய நாடிகளின் சுவர் தடித்தும் மீள்சக்தி உடையதாயும் உள்ளது. தாழ்ந்த அழுத்தத்திற் குருதியைத் திருப்பிக் கொணரும் நாளங்களின் சுவர் மெல்லியது. கை கால்களிலுள்ள நாளங்களில், குருதி பின்னோக்கிச் செல்லாதவாறு வால்வுகளும் உள்ளன. மயிர்க்குழாயின் சுவரோ ஒற்றைக் கலப்படையால் ஆனது. ஒட்சிசனும் உணவும் இழையங்களுக்குக் கைமாறுவது இங்கேதான். எனவே, இவ்வமைப்பு முழுவதும் எதன்பொருட்டு உள்ளதோ அப்பணி, பெரிய கலன்களிலன்றி மிகச் சிறிய கலன்களிலேயே நிறைவேறுகின்றது.

எவ்வுறுப்புக்கு எவ்வளவு குருதி செல்லவேண்டும் என்பதை நிர்ணயிப்பன பெரும்பாலும் புன்னாடிகளாகும். இவற்றின் சுவரிலுள்ள தசை சுருங்கும்போது ஓட்டம் குறையும். தளரும்போது ஓட்டம் கூடும். ஓய்விலிருக்கும் வளர்ந்த ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை வெளியேற்றுகின்றது. அதில் நூற்றுக்கு 15 பங்களவு மூளைக்குச் செல்கின்றது. சிந்தனையின் இருப்பிடமாகப் போற்றப்படும் அவ்வுறுப்பைவிட மிகுதியாக, நூற்றுக்கு 20 பங்களவைச் சிறுநீரகங்கள் இரண்டும் பெறுகின்றன. உடல் நிறையில் நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லாத, கழிவகற்றும் உறுப்புகள் அவை. தம் பசிக்காக அன்றி, ஏற்ற தொழிலின் பொருட்டே அவை இவ்வளவைப் பெறுகின்றன. கடும் உழைப்பின்போது தசைகளுக்குச் செல்லும் பங்கு பன்மடங்காகப் பெருகுகின்றது. இப்பங்கீட்டில் பிறப்பால் வந்த தகுதி எங்கும் காணப்படவில்லை.

இதயத்தின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. அதன் அறைகளினூடாக உடலின் குருதி முழுவதும் கடந்து செல்கின்றது. எனினும், அறையில் நிறைந்திருக்கும் குருதியிலிருந்து அதன் தடித்த சுவர் தனக்கு வேண்டியதைப் பெற இயலாது. பெருநாடியின் முதற் கிளைகளாகிய முடியுரு நாடிகளின் வழியாகவே, மற்றெல்லா உறுப்புகளையும்போல, அது தன் பங்கைப் பெறுதல் வேண்டும். அப்பங்கு ஓய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து மட்டுமே. அது முதலிலே பெறுகின்றது என்பது உண்மை. ஆயின் அளவோடு பெறுகின்றது. ஹாவி தமது நூலை முதலாம் சாள்ஸ் மன்னனுக்கு உரிமையாக்கியபோது, அரசனை நாட்டின் இதயத்துக்கு ஒப்பிட்டார். அவ்வொப்புமை புகழுரையாகவே கூறப்பட்டது. ஆனால் இதயத்தின் இயல்பை அறிந்தோர்க்கு அது ஒரு கடமையுரையாகவும் தோன்றும். பொதுச் செல்வம் தன் கைவழியே செல்வதாலேயே அது தன்னுடையதாகிவிடாது என்பதே அக்கடமை.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். பெருங் குருதியிழப்பு நேரும்போது உடல் தோலுக்கும் குடலுக்கும் செல்லும் ஓட்டத்தைச் சுருக்கி, மூளையையும் இதயத்தையும் காக்க முயல்கின்றது. கடுங் குளிரில் விரல்களுக்குச் செல்லும் ஓட்டத்தைக் குறைத்து, உடலின் உட்பகுதி வெப்பத்தைப் பேணுகின்றது. அங்ஙனமாயின், நெருக்கடி வேளையில் சிலரைக் கைவிட்டுச் சிலரைக் காத்தல் உடல் கற்பிக்கும் நீதி அன்றோ என்று வினவலாம்.

உருவகம் முறிகின்ற இடம் இதுவே. குளிரிலே கருகும் விரலுக்கென்று தனியொரு வாழ்வு இல்லை. விரலின் நோவை உணர்பவனும், மூளை பிழைத்ததனாற் பயன்பெறுபவனும் ஒருவனே. தன் விரலை இழந்து தன் உயிரைக் காப்பவன் எவருக்கும் தீங்கிழைப்பதில்லை. சமுதாயத்திலோ கைவிடப்படுபவன் ஒருவன், காக்கப்படுபவன் வேறொருவன். ஒருவனது பசியை மற்றொருவனது நிறைவினால் ஈடுசெய்தல் இயலாது. உறுப்புகள் உடலின் பொருட்டு உள்ளன. சமுதாயமோ மனிதரின் பொருட்டு உள்ளது. இவ்வேறுபாட்டை மறந்து பேசப்படும் ‘பொதுநலம்’ பெரும்பாலும் எளியவர்களின் இழப்பிலேயே முடிவடையும்.

அவ்வாறாயின், சிறுநீரகத்தின் பெரும் பங்கைக் காட்டிச் சமத்துவத்தை நிறுவுதலும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். உடல் சமத்துவத்துக்கும் சான்றன்று, ஏற்றத்தாழ்வுக்கும் சான்றன்று. இயற்கையில் உள்ளது எது என்பதிலிருந்து மனிதர் செய்யவேண்டியது எது என்பது தானாகவே பெறப்படுவதில்லை. ஆயினும், உடலைப் பற்றிய அறிவு ஒரு பயனைத் தருகின்றது. உயர்வு தாழ்வுக்கு உடலையே சாட்சியாக அழைத்தவர்கள் அதனைச் சரிவர நோக்கவில்லை என்பதை அது தெளிவாக்குகின்றது. பொய்ச் சாட்சி நீங்கியபின், ஏற்றத்தாழ்வைப் பேணுவோர் தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்றல் வேண்டும். இயற்கையின்மீது பழியைச் சுமத்த முடியாது.

இலங்கையில் சாதி காரணமாக வழிபாட்டிடங்களிலும் கடைகளிலும் ஏனைய பொது இடங்களிலும் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. சட்டம் வாயிலைத் திறக்க வல்லது. ஒரு தொழிலைச் செய்வோன் பிறப்பினாலே தாழ்ந்த உறுப்பு என்னும் எண்ணத்தை அகற்றுதல் அதனால் மட்டும் ஆவதன்று. கழிவகற்றும் தொழிலை இழிவென்று ஒதுக்கும் ஒருவனின் உடலிலும், அத்தொழிலைச் செய்யும் உறுப்புகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு லீற்றர் அளவு குருதி சென்று மீள்கின்றது. இதனை அறிந்தமையால் அவன் அறவோன் ஆகிவிடான். ஆனால் அறியாமையைக் காரணமாகக் கூறும் வழி மட்டும் அவனுக்கு அடைபட்டு விடுகின்றது. அதன்பின் எஞ்சுவது அவனுடைய தெரிவே. அறம் தொடங்குவதும் அத்தெரிவிலிருந்தேயாகும்.