ஏரிக்குரிய கடன்

திருடிய பொருளைத் திருப்பிக் கொடாமல் பாவசங்கீர்த்தனம் மட்டும் செய்தால் போதுமா? போதாது என்பதை ஞானோபதேச வகுப்பிலேயே நாம் கற்றிருக்கிறோம். சக்கேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். ஆனால், பறிகொடுத்தது முறையிட வாயற்ற, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிராக இருந்தால்?

அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரில், பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் தோன்றியவை ஆயிரக்கணக்கான ஏரிகள். உயரத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீன் கிடையாது. அருவிகளைத் தாண்டி அவை ஏற முடியவில்லை. மீனில்லா ஏரி வீணான ஏரி என்று மனிதர் எண்ணினர். 19ஆம் நூற்றாண்டில் வாளிகளிலும் கோவேறு கழுதைகளின் முதுகிலும், பின்னர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் விமானங்களிலும் ட்ரவுட் மீன்குஞ்சுகளைக் கொண்டுசென்று விட்டனர். (நம் நீலகிரி நீரோடைகளிலும் ஆங்கிலேயர் ட்ரவுட்டை விட்டதுண்டு.) இதில் வஞ்சகம் ஏதுமில்லை. தூண்டிலிடுவோரை மகிழ்விப்பது நற்செயலாகவே தோன்றியது.

ஆயினும் அந்த ஏரிகள் வெறுமையாக இருக்கவில்லை. துடுப்புக்காலி, நீர்த்தெள்ளு போன்ற மிதவை விலங்குகள் அங்கே வாழ்ந்தன. அவற்றுள் பெரியது ஹெஸ்பெரோடயாப்டோமஸ் என்னும் செந்நிறத் துடுப்புக்காலி. பெரியது என்றாலும் சில மில்லிமீட்டரே. ட்ரவுட் கண்ணால் கண்டு இரை தேடும் மீன். ஆகவே பெரியவை முதலில் அழிந்தன. மிகச் சிறியவை மட்டும் எஞ்சின. கரையில் நிற்பவருக்கு நீர் முன்போலவே தெளிந்து தெரிந்தது. மஞ்சள்கால் மலைத்தவளையின் குஞ்சுகளும் இரையாயின. ஈராண்டுக்கு மேலும் நீரிலேயே வளர வேண்டிய அவற்றுக்கு, அடிவரை உறையாத ஆழமான ஏரிகளே புகலிடம். மீன்கள் விடப்பட்டவையும் அவையே. பின்னர் பூஞ்சை நோயும் தாக்கியதால் அத்தவளை இனங்கள் 2014இல் அழிவுறும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஒரு துடுப்புக்காலிக்கு நாம் கடன்பட்டவர்களா என்று நகைப்போர் உண்டு. இறைவனின் நன்மைத்தன்மையை ஒரே படைப்பு முழுமையாக வெளிப்படுத்த இயலாததால்தான் அவர் பலவகை உயிர்களைப் படைத்தார் என்பது புனித தாமஸ் அக்குவினாசின் போதனை. 2015இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிஸின் சுற்றுமடலும், மனிதருக்குப் பயன்படுவதால் மட்டுமே உயிர்கள் மதிப்புப் பெறுவதில்லை என்றே கூறுகிறது. நகைப்பவர் இவற்றுக்கு விடை கூறியாக வேண்டும்.

யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மீன் விடும் வழக்கம் 1991இல் முடிவுக்கு வந்தது. எனினும் விட்ட மீன்கள் பல ஏரிகளில் தாமே பெருகிக்கொண்டிருந்தன. ஆகவே சில ஏரிகளில் செவுள் வலையிட்டு அவற்றை அகற்றினர். இங்கே என் மனம் சற்றுத் தயங்குகிறது. அந்த ட்ரவுட் செய்த குற்றம் என்ன? மனிதன் பட்ட கடனை அது தன் உயிரால் அடைக்கிறது. அகற்றுவது தகும் என்றே நான் கருதுகிறேன். ஓர் இனம் முழுவதும் மறைவதற்கு, வேறிடங்களில் ஏராளமாக வாழும் மீன் சில ஏரிகளில் இல்லாது போவது ஈடாகாது. ஆனால் அதைத் தூய வெற்றி எனக் கொண்டாட என்னால் இயலாது.

மீனை அகற்றியபின் நிகழ்வதுதான் நம்மை இன்னும் ஆழமாகச் சிந்திக்கவைப்பது. நீர்த்தெள்ளு விரைவில் மீள்கிறது. சேற்றில் உறங்கிய அதன் முட்டைகள் பொரிகின்றன. ஆணின்றியே ஒரு பெண் பெருக வல்லது. துடுப்புக்காலியின் முட்டைகளும் பல பத்தாண்டுகள் சேற்றில் உறங்கக்கூடியவையே. ஆயினும் பொரித்து வருபவை மிகச் சிலவாயின், பரந்த நீரில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இணையாது முட்டையில்லை. தீங்கு நின்றுவிட்டது; ஆனால் இழந்தது திரும்பவில்லை. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கினாலும், பாவம் விளைத்த சீர்குலைவு அனைத்தையும் அதுவே சரிசெய்துவிடுவதில்லை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் ஸ்னோஃபிளேக் என்றோர் ஏரி உண்டு. அங்கு விடப்பட்ட ட்ரவுட் காலப்போக்கில் தானே மறைந்துபோயிற்று, துடுப்புக்காலியோ திரும்பவில்லை. 1992இல் ஆய்வாளர்கள் வேறோர் ஏரியிலிருந்து அந்த இனத்தைக் கொண்டுவந்து அந்நீரில் விட்டனர். முன்பு மீனைச் சுமந்து மலையேறிய மனிதர், இம்முறை அந்தச் சிற்றுயிரைச் சுமந்து சென்றனர்.