வண்டியின் விலையும் விரதத்தின் அளவும்

இல்லறத்தார்க்குரிய ஒழுக்கங்களை வகுத்த நம் ஆசாரியர்கள் வாகனத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடவில்லை. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், காலம் குறித்து அளவு செய்துகொள்ள வேண்டிய துய்ப்புப் பொருள்களை எண்ணும்போது, உணவுக்கு அடுத்த இடத்திலேயே ஊர்தியை வைக்கிறார். படுக்கை, நீராட்டு, பூ, தாம்பூலம், ஆடை, அணி எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. அந்நூலின் வழியைத் தழுவி எழுந்ததே நம் அருங்கலச் செப்பு என்பதை இவ்விதழின் வாசகர்கள் அறிவர். ஆகவே, "ஹைபிரிட் எஸ்.யு.வி. வாங்கலாமா? கொடுக்கும் விலைக்கு அது தகுமா?" என்று இன்று நம் குடும்பங்களில் எழும் வினாவை, அறநூலுக்குப் புறம்பான உலகியல் வினா என்று ஒதுக்கிவிட இயலாது. மாட்டுவண்டியும் பல்லக்கும் இருந்த காலத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

முதலில் பொருளின் இயல்பைக் காண்போம். ஹைபிரிட் கார் என்பது பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒருங்கே உடையது. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் சேர்த்துக்கொண்டு, வண்டி மெல்ல ஊரும்போதும் நின்று கிளம்பும்போதும் அதைச் செலவிடுகிறது. வெளியிலிருந்து மின்னேற்றம் செய்ய வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டு ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் வெளியிட்ட பிரியஸ் என்னும் காரே இவ்வகையில் பேரளவில் உற்பத்தியான முதல் கார். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவை வெளிவந்த பிறகே நடுத்தரக் குடும்பங்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கின. லிட்டருக்கு 27.97 கி.மீ. என்பது அவற்றிற்கு அப்போது சொல்லப்பட்ட கணக்கு. அது சோதனை முறையில் எடுத்த அளவு, சாலையில் அவ்வளவு கிடைப்பதில்லை. இன்னொன்றையும் இடையே சொல்லிவிடலாம். ஹைபிரிட் என்ற பெயர் ஒட்டப்பட்ட எல்லா வண்டியும் ஒரே தன்மையன அல்ல. எஞ்சினுக்குச் சற்றே கைகொடுக்கும் சிறு மோட்டார் பொருத்திய வண்டிக்கும் அப்பெயரை இட்டு விற்கின்றனர். அதனால் மிச்சமாகும் எரிபொருள் மிகக் குறைவு.

இனிக் கணக்கு. ஒரே வடிவில் சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கும் ஹைபிரிட் வண்டிக்கும் விலை வேறுபாடு மூன்று லட்சம் ரூபாய் என்று கொள்வோம். முன்னது லிட்டருக்கு 15 கி.மீ., பின்னது 22 கி.மீ. ஓடுவதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கி.மீ. செல்பவருக்கு முன்னதில் 667 லிட்டரும் பின்னதில் 455 லிட்டரும் செலவாகும். மிச்சம் 212 லிட்டர், அதாவது 21,200 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த மூன்று லட்சம் திரும்பி வரப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். அந்த மூன்று லட்சத்தை 7 விழுக்காடு வட்டிக்கு வங்கியில் இட்டிருந்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய் வந்திருக்கும் என்பதையும் நினைத்தால், அந்தப் பணம் என்றுமே திரும்புவதில்லை என்றே சொல்லலாம். ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓடுபவருக்கோ மிச்சம் 636 லிட்டர், 63,600 ரூபாய். வட்டியைக் கருதாவிடில் ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் கைக்கு வந்துவிடும். பேட்டரிக்கு இவ்விரு நிறுவனங்களும் தந்த உறுதி எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ.; இத்தகையவர் அந்தத் தூரத்தை ஐந்தரை ஆண்டுக்குள் கடந்துவிடுவார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலும், நின்று நின்று செல்லும் நகரத் தெருக்களில்தான் இவ்வண்டியின் சிறப்பு முழுமையாக வெளிப்படும். வந்தவாசியிலிருந்து சென்னைக்கு ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு அந்த மிச்சம் குறையும்.

இந்தக் கணக்கினுள்ளே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எவ்வளவு அதிகமாக ஓடுகிறோமோ அவ்வளவுக்கு இவ்வண்டி 'தகும்'. நம் குணவிரதங்களில் முதலாவதாகிய திக்விரதமோ, திசைதோறும் எல்லை குறித்துக்கொண்டு அதற்கப்பால் செல்லாதிருக்கக் கற்பிக்கிறது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு ஆகியவற்றால் அந்த எல்லையை வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். தேசாவகாசிகமோ அந்த எல்லையையும் ஒரு நாளுக்கு, ஒரு பட்சத்துக்கு, ஒரு திங்களுக்கு என்று மேலும் சுருக்குகிறது. தூரத்தைச் சுருக்குவதில் என்ன அறம் இருக்கிறது என்று கேட்பவர்க்கு ஆசாரியர் அளித்த விடை நுட்பமானது. எல்லைக்கு அப்பாலுள்ள இடங்களைப் பொறுத்தவரை, நுண்ணிய தீவினையும் நிகழாமையால், இல்லறத்தாரின் அணுவிரதமே மகாவிரதத்தின் நிலையை எய்துகிறது. செல்லாத தூரத்தில் கொல்லப்படும் உயிர் இல்லை. லிட்டருக்கு 22 கி.மீ. ஓடும் வண்டியும் 15 கி.மீ. ஓடும் வண்டியும் வீட்டு வாசலில் நிற்கும்போது ஒன்றுதான்.

ஆக, விரதத்தை நன்கு காப்பவருக்கு இவ்வண்டியின் விலை ஒருநாளும் ஈடாகாது. விரதத்தைப் பொருட்படுத்தாதவருக்கு விரைவில் ஈடாகிவிடும். வணிகக் கணக்கும் அறக்கணக்கும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. இதனாலேயே இவ்வண்டி வேண்டாம் என்று முடிவு கட்டிவிடலாமா? இல்லை. அவ்வாறு முடிப்பது எளிது, ஆனால் நேர்மையன்று.

"நான் மிச்சம் பிடிக்க வாங்கவில்லை, தீங்கைக் குறைக்கவே வாங்குகிறேன்; மூன்று லட்சம் அதற்கு நான் தரும் விலை" என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் சொல்லில் பொருள் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. மேற்சொன்ன 212 லிட்டர் மிச்சத்தால் ஆண்டுக்கு 490 கிலோ அளவுக்கு அது குறையும். காற்றையும் நெருப்பையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை நம்புகின்ற நமக்கு இது வெறும் புள்ளிவிவரம் அன்று. இல்லறத்தார் ஓரறிவுயிர்க் கொலையை முற்றும் நீக்க இயலாது; எனினும் காரணமின்றிச் செய்யும் கொலையை அனர்த்ததண்ட விரதம் தடுக்கிறது. குறைவாக எரிப்பதால் முடியும் காரியத்திற்கு மிகுதியாக எரிப்பது காரணமற்ற கொலையே என்று அவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அவர் தம் கணக்கை எரிபொருளோடு நிறுத்திவிடக் கூடாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று வாயிலாலும் வினை ஊறும் என்பது நம் கொள்கை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் உரிய உலோகங்களுக்காக எங்கோ நிலம் அகழப்படுகிறது, இரும்பு உருக்கப்படுகிறது, நீர் கொதிக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரை விற்றுவிட்டுப் புதியதை வாங்குபவர் இவற்றையெல்லாம் செய்விக்கிறார். விற்ற கார் மறைந்துவிடுவதும் இல்லை. வேறொருவர் கையில் அதே புகையுடன் ஓடுகிறது. இன்னும் சில தீங்குகளில் ஹைபிரிட் என்பதால் எந்த வேறுபாடும் இல்லை. இரவு உணவை நாம் விலக்குவதற்குச் சிற்றுயிர்கள் மடியும் என்பதே காரணங்களுள் ஒன்று. அப்படியிருக்க, இரவில் எண்பது கி.மீ. வேகத்தில் சென்று விடியலில் முன்கண்ணாடியைத் துடைக்கும்போது அதில் ஒட்டியிருப்பவை என்ன என்று பார்ப்பதில்லை. மின்விசையில் ஊரும்போது வண்டி ஓசையின்றி வருவது நமக்கு இனிமை. தெருவில் படுத்திருக்கும் நாய்க்கு அப்படியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல் இத்தகைய புதிய வகை வண்டிகள் மெதுவாகச் செல்லும்போது எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று விதித்ததும் மனிதரை எண்ணித்தான்.

இதுவரை ஹைபிரிட் என்ற சொல்லையே ஆராய்ந்தோம். எஸ்.யு.வி. என்ற சொல்லையும் பார்க்க வேண்டும்; என் கருத்தில் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரைக் கடைத்தெருவுக்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள வண்டி நகர்கிறது. ஹைபிரிட் தரும் மிச்சத்தில் ஒரு பகுதியை வண்டியின் பருமனே விழுங்கிவிடுகிறது. சிறிய சாதாரணக் கார் ஒன்று இதற்கு மிக அருகிலேயே வந்துவிடும், அதுவும் பல லட்சம் குறைந்த விலையில். அரசும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சி.சி. அளவுக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு, ஹைபிரிட் ஆயினும், 18 விழுக்காடு வரி. அதற்கு மேற்பட்டவை ஹைபிரிட் ஆனாலும் 40 விழுக்காடு. மின்கார்களுக்கு 5 விழுக்காடு. அரசு மீட்டரால் அளக்கிறது. நமக்கு வேறு அளவுகோல் இருக்கிறது.

பொருள் வரைதல் என்னும் ஐந்தாம் அணுவிரதத்திற்குச் சமந்தபத்திரர் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது அதிவாகனம். பேராசையால் அளவு கடந்து ஓட்டுதல். பின்னர் அளவு கடந்த சேமிப்பு, வியப்பு, உலோபம், மிகுபாரம் ஏற்றுதல் என வருகின்றன. இவற்றுள் வியப்பு என்பது ஏன் குற்றமாக எண்ணப்பட்டது என்று பலமுறை சிந்தித்ததுண்டு. பிறருடைய ஆக்கத்தைக் கண்டு மனம் திகைக்கும்போதே நாம் வரைந்த அளவு நமக்குப் போதாமல் தோன்றத் தொடங்குகிறது. எதிர்வீட்டு வாசலில் உயரமான புதிய வண்டி வந்து நின்றதும், நேற்றுவரை குறையில்லாதிருந்த நம் வண்டி சிறியதாகிவிடுகிறது. அதன்பின் கரியமில வாயுவைப் பற்றியும் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதைப் பற்றியும் நாம் பேசுவன எல்லாம் முன்பே எடுத்த முடிவுக்குத் தேடிய துணைகளே. அகத்துப் பற்றே பரிக்கிரகம் என்று உமாசுவாமிகள் இலக்கணம் கூறியது இதனாற்போலும். அறத்தின் பெயரால் வரும் பற்றை அடையாளம் காண்பது அரிது.

வாங்கியபின் வரும் மயக்கமும் ஒன்றுண்டு. நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எந்திரங்கள் வந்ததால் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியலறிஞர் 1865-இல் எழுதினார். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைந்ததும், "இதற்குத்தான் பெட்ரோல் குறைவாயிற்றே" என்று பேருந்திலோ ரயிலிலோ சென்ற பயணத்தையும் காரில் செல்லத் தொடங்குவோம். திக்விரதத்தின் அதிசாரங்களுள் எல்லையை விரித்துக்கொள்ளுதலும், குறித்த எல்லையை மறந்துபோதலும் சொல்லப்பட்டிருக்கின்றன.

இனி யார் வாங்கலாம்? தொழிலின் பொருட்டு நகரத்தினுள் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடியே ஆகவேண்டியவர், அவருடைய பழைய வண்டியும் உழைத்து ஓய்ந்துவிட்டதென்றால், ஹைபிரிட் வாங்குவதில் பணக்கணக்கும் பொருந்துகிறது, உயிர்க்கணக்கும் பொருந்துகிறது. அவர் ஆண்டுக்கு இத்தனை கி.மீ. என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு வாங்குவாராயின் இன்னும் நன்று. உயரமான இருக்கை இருந்தால்தான் முழங்கால் நோயுள்ள தாயாரைப் பொன்னூர் மலையடிவாரம் வரையிலேனும் அழைத்துச் செல்ல முடியும் என்பவருக்கு எஸ்.யு.வி.யே காரணமுள்ள பொருள். அங்கே அனர்த்தம் இல்லை. பணி ஓய்வு பெற்று, திங்கள்தோறும் ஐந்நூறு கி.மீ.கூடச் செல்லாதவர் கையிலிருக்கும் காரையே பேணி ஓட்டலாம். அவருக்கு அந்த மூன்று லட்சத்தின் வட்டி, வருவாய் குன்றிய ஏதேனும் ஓர் ஊர் ஜினாலயத்தின் விளக்கெண்ணெய்க்கோ, நால்வகைத் தானங்களுள் அவர் மனம் விரும்பும் ஒன்றுக்கோ ஆண்டுதோறும் போய்ச் சேரும். ஓட்டும் தூரம் இவ்விருவருக்கும் இடைப்பட்டு, வண்டியும் பாதி ஆயுளில் இருப்பவர்களே நம்மில் பலர். அவர்கள் ஓராண்டு பொறுத்து, அந்த ஓராண்டில் எங்கெங்கு சென்றோம், எதற்குச் சென்றோம், எந்தப் பயணத்தில் இருக்கைகள் காலியாக இருந்தன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். மேல்சித்தாமூர்த் தேர்விழாவுக்கு ஒரே ஊரிலிருந்து ஒரே நாளில் ஒருவர் இருவராக எத்தனை கார்கள் வருகின்றன என்பதும் அந்தக் குறிப்பேட்டில் இடம்பெறத் தக்கது.