பொய்க் காற்று

ஜெர்மன் மெக்கானிக்குகள் சர்வசாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல் உண்டு: ஃபால்ஷ்லுஃப்ட். பொய்க் காற்று என்று நேராகவே தமிழில் சொல்லிவிடலாம். என்ஜினுக்குள் கணக்கில் வராமல் நுழைந்துவிடுகிற காற்று அது. வெளியில் இருக்கும் அதே காற்றுதான். அதே ஆக்ஸிஜன், அதே தூசி. அளக்கிற வாசல் வழியாக வராததால் அது பொய்யாகிவிடுகிறது. தன்னளவில் ஒரு குற்றமும் இல்லாத பொருள், வந்த வழியினாலேயே பொய்யாக முடியும் என்பதை இந்தச் சொல் எத்தனை அலட்டல் இல்லாமல் ஒப்புக்கொள்கிறது என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். இரண்டு வருஷம் ஒரு பழைய காரோடு மல்லுக்கட்டியதில் ஆச்சரியம் போய்விட்டது. தொந்தரவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கார் 1979ஆம் வருஷத்து ஓப்பல் மான்ட்டா ஜிடி/ஈ. இரண்டு லிட்டர், 110 குதிரைசக்தி. ஜெர்மனியில் இந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். மான்ட்டா ஓட்டுகிறவனின் மூளையைப் பற்றி ஒரு காலத்தில் ஜோக்குகள் மழையாகப் பொழிந்தன. 1991இல் 'மான்ட்டா, மான்ட்டா' என்று ஒரு சினிமாவே வந்தது. நான் வசிக்கும் ஹாம் நகரம் ரூர் பிரதேசத்தின் கிழக்கு ஓரம். இங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2010இல் மூடப்பட்டது. அதில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற என் எதிர்வீட்டுப் பெரியவர் 1983 முதல் இந்த வண்டியை ஓட்டினார். முதியோர் இல்லத்துக்குப் போகும்போது எனக்கு விற்றார். சாவியைக் கொடுத்தபோது, "ஐட்லிங்கில் கொஞ்சம் முணுமுணுக்கும். பழகிக்கொள்" என்றார். பழகிக்கொண்டேன். பழகிக்கொள்வதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த வண்டியில் பெட்ரோலைப் பங்கிடுவது பாஷ் கம்பெனி 1970களின் முற்பகுதியில் கொண்டுவந்த எல்-ஜெட்ரானிக் என்ற ஏற்பாடு. எல் என்பது லுஃப்ட், அதாவது காற்று. உள்ளே வரும் காற்று ஒரு தகட்டுக் கதவைத் தள்ளுகிறது. கதவு எவ்வளவு திறந்தது என்பது மின்னழுத்தமாக ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது. இன்ஜெக்டர்கள் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று பெட்டி தீர்மானிக்கிறது. கதவைத் தாண்டிய காற்று அடுத்து த்ராட்டில் பாடிக்கு வருகிறது. அலுமினியக் கூடு, நடுவில் ஒரு ஷாஃப்ட், ஷாஃப்ட்டில் இரண்டு சிறு ஸ்க்ரூக்களால் பிடிக்கப்பட்ட வட்டத் தகடு. கால் அழுத்தினால் தகடு திரும்புகிறது. அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஒரு மனிதரின் வலது கால் இழுத்ததில், ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுத்ததில், ஷாஃப்ட் தேய்ந்து, அது உட்கார்ந்த துளை ஓவலாகிவிட்டது. விரலால் ஆட்டினால் ஆடியது. அளந்தபோது பத்தில் இரண்டு மில்லிமீட்டர். அந்த இடுக்கு வழியாகத்தான் பொய்க் காற்று. பிரேக் கிளீனரை ஷாஃப்ட் முனையில் பீய்ச்சினேன். என்ஜினின் குரல் மாறியது. அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் எழுத ஒன்றுமில்லை. தேய்ந்த இடத்தைப் பெரியவர் தொடவே இல்லை. சுற்றியிருந்த அத்தனையையும் தொட்டிருந்தார். ஐட்லிங் ஸ்க்ரூ முழுக்க மூடியிருந்தது. என்ஜினுக்கு வேண்டிய காற்றை ஓட்டையே கொடுத்ததால் ஸ்க்ரூவுக்கு வேலையில்லை. கலவையைத் திருத்தும் ஸ்க்ரூவின் மேலிருந்த சீல் உடைந்திருந்தது. காற்றுமானியின் கறுப்பு மூடியை யாரோ திறந்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அதன் உள்ளே கதவின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு பல்சக்கரம் உண்டு. தளர்த்தினால் அதே காற்றுக்குக் கதவு கூடுதலாகத் திறக்கும், வராத காற்றையும் வந்ததாகப் பெட்டி நம்பும், பெட்ரோல் கூடும். அதாவது ஒரு பொய்யை மறைக்க அளவுகோலுக்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓட்டை வழியே வரும் காற்று ஐட்லிங்கில்தான் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்து வண்டி ஓடும்போது, வரும் மொத்தக் காற்றில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தளர்த்திய ஸ்பிரிங் எல்லா வேகத்திலும் தளர்ந்தே இருக்கிறது. சிக்னலில் நிற்கிறபோது கணக்கு சரியாக இருக்கும். ரஸ்தாவில் போகிறபோது தேவைக்கு மேல் பெட்ரோல் எரியும். பிளக்கைக் கழற்றினால் கரி. நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடித்தது. அந்தக் கரியும் புகையும் பின்னால் சைக்கிளில் வந்தவன் மூச்சுக்குள் போயிருக்கும். இதில் நானும் பங்காளி. ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகும் பதினோரு மாசம் அப்படியே ஓட்டினேன்.

அந்தப் பதினோரு மாசமும் எனக்கு ஒரு சித்தாந்தம் கைவசம் இருந்தது. சார்த்தர் 1943இல் எழுதிய பெரிய புத்தகத்தில் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்கிற மனநிலையைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. பொய்யனுக்கு உண்மை தெரியும். தன்னை ஏமாற்றிக்கொள்கிறவன் அதே உண்மையைத் தன்னிடமிருந்தே ஒளிக்க வேண்டியிருக்கிறது. என் பெரியவருக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதாக நினைத்தேன். நம் கவிதைகளில் நடப்பதும் இதுதானே? இரண்டாம் வரியில் ஒரு பொய்யான சொல் விழுந்துவிடுகிறது. அதை எடுக்க மனசில்லை. மற்ற பதினான்கு வரிகளையும் அதற்கேற்ப வளைக்கிறோம். கடைசியில் கவிதை ஒருமாதிரி நிற்கிறது. உள்ளிசைவு இருக்கிறது என்று நண்பர்கள் பாராட்டுகிறார்கள். இதைவைத்து ஒரு கட்டுரைகூடப் பாதி எழுதி வைத்திருந்தேன். தீசியஸின் கப்பலைப் புளூடார்க்கிலிருந்து இழுத்துவந்து, பாகங்களை மாற்றினால் வண்டி அதே வண்டிதானா என்று கேட்கிற வழக்கமான கட்டுரையைவிட இது மேல் என்று பெருமை வேறு.

சமஸ்கிருதத்தில் ஜீர்ணம் என்றால் தேய்ந்து பழசானது. செரித்ததற்கும் அதே சொல். நாம் சாப்பாட்டுக்குச் சொல்லும் ஜீரணமும் கோயிலுக்குச் சொல்லும் ஜீர்ணோத்தாரணமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இந்த ஊரிலேயே 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. பழுதான சன்னதியில் கைவைப்பதற்கு முன் சக்தியை வேறிடத்துக்கு இறக்கிவைக்க வேண்டும் என்று ஆகமத்தில் விதி. மான்ட்டாவுக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. பாட்டரி வயரைக் கழற்றியதோடு சரி.

ஒரு ஓய்வுபெற்ற லேத்துக்காரரின் கராஜுக்கு எடுத்துப்போனேன். தகட்டைப் பிடித்த ஸ்க்ரூக்கள் கழன்று என்ஜினுக்குள் விழாமலிருக்க அவற்றின் நுனியைத் தட்டி அகலப்படுத்தியிருப்பார்கள். அதை அராவி எடுத்தால்தான் கழற்ற முடியும். தகட்டின் எந்தப் பக்கம் மேலே என்று முதலில் குறித்துக்கொள்ளச் சொன்னார். விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டது, திருப்பிப் போட்டால் மூடாது. துளையை ரீமரால் பெரிதாக்கி இரண்டு பக்கமும் வெண்கல புஷ் இறக்கினார். புதுத் துருவேறா எஃகில் ஷாஃப்ட் கடைந்தார். தகட்டை ஸ்க்ரூவில் தொளதொளவென்று விட்டு, மூடி, அது தானாகத் துளைக்குள் நடுவில் உட்கார்ந்த பிறகே இறுக்கினார். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். முடி அளவுக்குச் சுற்றிலும் ஒரே சீராக வெளிச்சம். அந்த மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல ஏன் கூச்சம் வருகிறது என்று தெரியவில்லை.

பொருத்தினேன். வண்டி ஸ்டார்ட் ஆகி, இருமி, நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து காலை எடுக்காமல் பிடித்தால் பின்னால் கறுப்பாகப் புகை. நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த த்ராட்டில் பாடி சரியாக இருந்தது. முதல்முறையாக வண்டி ஓடவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். ஒரு பிழையைச் சுற்றி மற்றதெல்லாம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கும்போது பிழையை மட்டும் பிடுங்கினால் ஒப்பந்தம் அந்தரத்தில் தொங்கும். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திறந்தேன். கலவை ஸ்க்ரூவைத் திருப்பினேன். போதவில்லை. கடைசியில் கறுப்பு மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன்.

பல்சக்கரத்தில் ஊசியால் கீறிய மூன்று கோடுகள் இருந்தன. மூடியின் உட்புறம் பால்பாயின்ட்டில் மூன்று வருஷங்கள்: 1991, 1998, 2006. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண்: 2, 2, 3. மொத்தம் ஏழு பல். தொழிற்சாலை விட்ட இடத்துக்கு நேரே தனியாக ஒரு புள்ளி.

நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறவன் புள்ளி வைக்கமாட்டான். எவ்வளவு விலகினோம், எப்போது விலகினோம் என்று எழுதிவைத்து அதன்மேல் மூடியை ஒட்டுகிறவனுக்கு சார்த்தரிடம் இடமில்லை. என் பாதிக் கட்டுரை அங்கேயே முடிந்துவிட்டது. நான் எழுதிய எந்தக் கவிதையிலும், எங்கே வளைத்தேன் என்று இப்படி ஒரு கோடு கீறி வைத்ததில்லை.

புள்ளியை நோக்கி ஒவ்வொரு பல்லாகத் திருப்பினேன். ஆறாவதில் என்ஜின் அமைதியாகிவிட்டது. ஏழாவதுக்குப் போனால் மூச்சுத் திணறியது. நான் திருத்தியது த்ராட்டிலை மட்டுந்தானே. பிஸ்டனும் வால்வும் ஸ்பிரிங்கும்கூட 1979இல் இருந்தபடி இல்லை. 1997 முதல் இங்கே முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிதும் அசல் நிலையில் பேணப்பட்ட வண்டிகளுக்கு எச் என்ற எழுத்தோடு முடியும் நம்பர் பிளேட் உண்டு. என் வண்டிக்கும் அது கிடைத்திருக்கிறது. பரிசோதகர் புகையை அளந்து தலையாட்டினார். பாக்கியிருக்கும் ஒரு பல்லை அவர் கேட்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கு இப்போது 11 லிட்டர். மூடியில் நானும் வருஷத்தையும் எண்ணையும் எழுதி ஒட்டினேன்.

பெரியவரைப் பார்க்கப் போனேன். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசனை. எண்பதை நெருங்குகிறவரிடம், நீங்கள் இத்தனை வருஷம் ஓட்டையை ஓட்டினீர்கள் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அவரே கேட்டுவிட்டார்: "எத்தனை பல் திருப்பினாய்?"

"ஆறு."

"அப்படியானால் என்ஜினும் போகிறது" என்றார். பிறகு, ஷாஃப்ட் ஆடுவது 1991லேயே தெரியும் என்றார்.

"பின்னே ஏன் மாற்றவில்லை? பணமா?"

"பணம் இருந்தது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். வண்டி அன்றைக்கு ஓடவேண்டியிருந்தது."

"1998இல்?"

"பழகிவிட்டது."

"2006இல்?"

ஜன்னலைப் பார்த்தார். "அப்போது வெட்கமாக இருந்தது. வேலை நின்று வருஷக்கணக்கு ஆகியிருந்தது, நேரம் இருந்தது. இருந்தும் மூன்று பல் திருப்பினேன்." கொஞ்சம் பொறுத்து, "அந்த ஷாஃப்ட்டைக் கொண்டுவா. எங்கே தேய்ந்தது என்று பார்க்கவேண்டும்" என்றார். கொண்டுவருகிறேன் என்றேன்.

மறுநாள் கராஜுக்குப் போனால், பழைய இரும்புப் பெட்டியை முந்தின வாரமே காலி செய்துவிட்டதாக லேத்துக்காரர் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியில் துழாவி வேறொரு ஷாஃப்ட்டை எடுத்தார். வேறு வண்டியினுடையது, நீளம் ஏறக்குறைய அதே, ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. "இதைக் கொண்டுபோய்க் கொடு. அவருக்குத் தெரியவா போகிறது" என்றார். மறுக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நகத்தால் தடவினால் தேய்ந்த இடத்தில் ஒரு படி தட்டுப்படுகிறது. மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.